கோட்டைப் படம் போட்ட புட்டி

ஒரு சாஸ் நல்லதா இல்லையா என்று பார்க்க அதை வாயில் வைக்கவேண்டிய அவசியமில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. மூக்கு போதும். ஒன்பது வருஷமாகச் சாஸ் காய்ச்சுகிறேன். துரைமார்கள் மாட்டிறைச்சி மேல் ஊற்றித் தின்பதற்கென்றே காய்ச்சுகிறேன். அந்த இறைச்சியை ஒருநாளும் தொட்டதில்லை. குளிக்காமல் சாஸ் அறைக்குள் கால் வைத்ததும் இல்லை. எங்கள் போட்டாதாங் பேட்டையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், ராஜரத்தினம் சுத்தக்காரன் என்றுதான் சொல்வார்கள்.

மொகல் தெருவில் கடை வைத்திருக்கும் என் முதலாளி மீரா முகைதீன் இரண்டு சாஸ் விற்கிறார். ஒன்று கப்பலில் வரும் லண்டன் சரக்கு. லேபிளில் கோட்டைப் படம் போட்டிருக்கும். மற்றது கடைப் பெயரில் நான் காய்ச்சுவது. புளி, பேரீச்சம்பழம், வெல்லம், காடி, இஞ்சி, கிராம்பு; குயவர் ஊரான த்வாண்டேயிலிருந்து வரும் மண் ஜாடியில் நாற்பது நாள் ஊறவேண்டும். லண்டன் சாஸிலும் ஏறக்குறைய இதே சாமான்தான், முகர்ந்தாலே தெரிந்துவிடும். ஆனால் அதில் கூடுதலாக ஒரு பழைய வாடை உண்டு, ஈரத்துணியை மடித்து வைத்த டிரங்குப் பெட்டி போல. எனக்கு அது குமட்டும். இந்த ரங்கூனில் அந்த வாடைக்குத்தான் மரியாதை.

கருப்பண்ணன் அந்த மரியாதைக்காரர்களில் ஒருவன். துறைமுகத் துரைமார்களின் கிளப்பில் பட்லர். என் சாஸ் அறைக்குப் பக்கத்து வீடு, நடுவில் பலகைச் சுவர் மட்டும். "அண்ணே, உங்க சாஸு ஙப்பி நாத்தம் அடிக்குது" என்று பத்துப் பேர் நடுவில் சொல்லிச் சிரிப்பான். ஙப்பி என்றால் தெரியுமல்லவா, மீனை அழுகவிட்டு இடித்த விழுது. அதை என் அறை வாசலுக்கே நான் விட்டதில்லை. துரை தின்று மிச்சம் வைத்த தட்டை வழித்து நக்குகிறவன் என் சரக்கைப் பார்த்து மூக்கைப் பொத்தினான். அவன் பெண்சாதி அம்சவேணி மட்டும் நல்ல மாதிரி. அவளும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அப்போது அவளுக்கு மூன்று மாதம்.

போன தை மாதக் கடைசியில் கிளப் செக்ரட்டரி துரை ஒரு யோசனை சொன்னார். கடை சாஸையும் லண்டன் சாஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தின்று பார்ப்பது. எது ருசியோ, இனி கிளப்புக்கு அதுதான். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "ரத்தினம், இதுல நம்ம சரக்கு தோத்துச்சுன்னா சாஸ் ரூமப் பூட்டிருவோம். பொறவு லண்டன் புட்டிய மட்டும் வித்துக்கிட்டு நிம்மதியா இருந்துக்கிறேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஒன்பது வருஷத்தை வெற்றிலைச் சாறு மாதிரித் துப்பிவிட்டார்.

ருசி பார்த்துத் தீர்ப்பு சொல்வார்கள் என்றால் எனக்குப் பயமே கிடையாது. கோட்டைப் படத்தைப் பார்த்துச் சொல்வார்கள் என்பதுதான் பயம். படம் பார்க்கிறவர்களிடம் நியாயம் எதிர்பார்க்க முடியுமா? அதனால் இரண்டு பக்கத்தையும் சமமாக்க நினைத்தேன்.

நம்மவர் வீட்டில் வளர்ந்த யாருக்கும் இது தெரியும்: ஈயப்பூச்சு போன பித்தளையில் புளிப்பு நின்றால் பச்சைக் களிம்பு ஏறும். என்னிடம் அப்படி ஒரு செம்பு இருந்தது. கடையிலிருந்து லண்டன் புட்டி ஒன்றை எடுத்து வந்து அதில் கவிழ்த்தேன். மூன்று நாள் மூடி வைத்தேன். திறந்தபோது ஓரமெல்லாம் பச்சை பூத்திருந்தது. வாடை தொண்டைக்குள் இறங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் புட்டியில் திரும்ப ஊற்றினேன். கார்க் அடித்து அரக்கு வைப்பது எனக்குத் தினப்படி வேலை. முதலாளிக்கு இதில் ஒன்றுமே தெரியாது, அவரை விட்டுவிடுங்கள். துரைமார் நாக்கில் இரண்டு துளி படும், துப்புவார்கள், அத்தோடு சரி. அதற்கு மேல் நான் நினைக்கவில்லை.

1927 பிப்ரவரி பதினாலு, திங்கட்கிழமை மத்தியானம். கிளப்பின் பின்வராந்தாவில் மூன்று துரைமார். இரண்டு புட்டியையும் கடையிலிருந்து கொண்டுபோய் வைத்தது நான்தான். இறைச்சியை அறுத்தபோது தட்டில் இரத்தம் கசிந்தது. நான் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலில் எங்கள் சாஸ். ஒருவர் தலையை ஆட்டினார். ஒருவர் இன்னொரு கரண்டி கேட்டார், அதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு லண்டன் சாஸ். செக்ரட்டரி துரை மென்றதை அப்படியே துண்டில் துப்பினார். கப்பல் சூட்டில் கெட்டிருக்கும் என்றார் பக்கத்தில் இருந்தவர். கப்பலில் கெடுகிற சரக்கு நமக்கு எதற்கு என்றார் செக்ரட்டரி. எங்கள் சாஸுக்கே ஆர்டர் என்று அங்கேயே முடிவானது.

அந்தப் புட்டியைச் சாக்கடையில் கொட்டச் சொன்னார்கள். கருப்பண்ணன் கொட்டவில்லை. "சீமைச் சரக்கு எங்கயாச்சும் கெடுமாண்ணே? இவங்க வாய்தான் கெட்டுக் கெடக்கு. என் வீட்டுக்காரி மசக்கையில புளிப்பு புளிப்புன்னு உசுர வாங்குறா" என்று சொல்லி புட்டியை இடுப்புத் துணியில் சுருட்டிக்கொண்டான். கொட்டிவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பான். மரியாதைக்காரன், லண்டன் புட்டிக்காகத் துரையிடமே போய் நிற்பான்.

மறுநாள் காலையில் அம்சவேணி என் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் அந்தப் புட்டி. ஜாடிக்கு எட்டத்தில், நான் சொல்லாமலே, தள்ளித்தான் நின்றாள்.

"அண்ணே, நீங்க சாஸு காச்சுறவக, உங்களுக்குத்தான் தெரியும். சோத்துல ஊத்தித் தின்னேன், செம்புக் காசை வாயில போட்டாப்பல கசக்குது. இது சரக்கே இப்படித்தானா, இல்ல மசக்கையில என் வாய்தான் இப்படி ஆயிருச்சா?"

புட்டியை வாங்கி முகர்ந்தேன். என் செம்பு வாடை அப்படியே இருந்தது.

"லண்டன் சரக்கு அப்படித்தாம்மா இருக்கும்" என்றேன்.

"அப்ப என் நாக்குத்தான் கெட்டுக் கெடக்கு. கொஞ்சம் வெல்லத்தக் கரைச்சு ஊத்திக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே போனாள்.

அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம் என்கிறீர்கள். சொன்னால் புருஷனிடம் சொல்வாள். அவன் செக்ரட்டரியிடம் சொல்வான். வேறு புட்டி திறப்பார்கள், கோட்டைப் படத்தைப் பார்ப்பார்கள். அதோடு என் ஜாடிகள் கவிழ்ந்துவிடும். இதையெல்லாம் நான் அந்த ஒரு மூச்சு நேரத்தில் யோசித்தேன். யோசிக்காமல் செய்தேன் என்று எழுதாதீர்கள்.

அன்று சாயங்காலமே வாந்தி ஆரம்பித்தது. பலகைச் சுவர் என்று சொன்னேனே, எல்லாம் கேட்கும். அக்கம்பக்கத்தில் யாரும் பதறவில்லை. மசக்கை என்றால் வாந்தி வரத்தானே செய்யும் என்று எதிர்வீட்டு வேலம்மா எலுமிச்சம்பழம் கொண்டுபோய்க் கொடுத்தாள். நானும் கேட்டவர்களிடம் அதையே சொன்னேன். புதன்கிழமை வீட்டுப் பின்னால் சாக்கடையில் பச்சையும் மஞ்சளுமாக ஓடியது. அந்த நாற்றத்தை என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிச் சுண்ணாம்பு தூவினேன். ஜாடிகளின் வாயை இரட்டைத் துணியால் கட்டினேன். ஊறுகிற சாஸ் பக்கத்து வாடையைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். கரு முதலில் போயிற்று, பொழுது சாய்வதற்குள் அவளும் போய்விட்டாள். கருப்பண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "துரை துப்புனத நாந்தாண்ணே கொண்டாந்து குடுத்தேன்" என்றான். அவன் கையெல்லாம் மூக்குச்சளி. உன் மேல் தப்பில்லை என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து முழங்கைவரை சீயக்காய் போட்டுக் கழுவினேன்.

களிம்பு விஷம் என்று டாக்டர் சொன்னதும் நீங்கள் வீடு வீடாகப் பித்தளையைத் தேடினீர்கள். என் பலகைக் கட்டிலுக்கு அடியில் அந்தச் செம்பு பச்சை காய்ந்தபடி இருந்தது. ஐந்து நாளாக ஏன் கழுவவில்லை, ஒளித்துக்கூட வைக்கவில்லையே என்று நீங்களே ஆச்சரியப்பட்டீர்கள். புளியும் சாம்பலும் போட்டு ஒரு தேய் தேய்த்திருந்தால் இன்று நான் இங்கே உட்கார்ந்திருக்கமாட்டேன், வாஸ்தவம்தான். எனக்கு அதைத் தொடவே அருவருப்பாக இருந்தது.

செம்பு என்னுடையது. ஊற்றியது நான். கசக்கிறதே என்று கேட்டவளைத் தின்னவிட்டதும் நான்தான். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். கடைசியில் ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், இரண்டு புட்டிக்கும் உள்ள வித்தியாசம் நாளைக்குப் படிக்கிறவர்களுக்குத் தெரியவேண்டும்: அம்சவேணி தின்று செத்தது லண்டன் சாஸ். எங்கள் சாஸைத் தின்று இந்த ஒன்பது வருஷத்தில் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை.