பதினோரு நாள் உலை

— அப்ப இன்னைக்கும் அந்த மெஷினை நிறுத்த முடியாதா, புரொபசர்?

— எப்படி நிறுத்துறது, தடாங்? அதாவது, பதினோரு நாள் விடாம ஓடணும். இன்னைக்கு எட்டாவது நாள். நடுவுல அணைச்சா கல்லும் போச்சு, ஆராய்ச்சியும் போச்சு.

— பெருநாள் தொழுகை முடிஞ்சு ரெண்டு மணி நேரமாச்சு. எல்லாரும் சொந்த ஊருக்குப் போயி பாண்டுங் டவுனே காலியாக் கெடக்கு. உள்ள ஆள் இருந்தா நான் கட்டடத்தைப் பூட்ட முடியாது. பன்னெண்டு மணி பஸ்ஸை விட்டா எங்க ஊருக்கு இன்னைக்கு வேற பஸ் இல்ல. பொண்டாட்டி நாலு தடவ கூப்பிட்டுட்டா.

— சாவியைக் குடுத்துட்டுப் போ. நான் பாத்துக்கறேன்.

— நல்லாச் சொன்னீங்க. காவக்காரன் வேலை அதோட போயிடும். அப்படி என்னதான் இருக்கு அதுக்குள்ள?

— ஒரு அரிசி அளவு கல்லுத்தூள். அதாவது, நம்ம காலுக்குக் கீழ நூறு கிலோமீட்டர் ஆழத்துல இருக்கற கல்லு மாதிரி. அங்க இருக்கற அழுத்தத்தையும் சூட்டையும் குடுத்து வச்சிருக்கேன்.

— உருகிடுமா?

— அதுதான் வேடிக்கை. ஆயிரத்து நூறு டிகிரியிலயும் கல்லு கல்லாவே உக்காந்திருக்கும். துளி தண்ணி சேர்ந்தா இளகிடும். உங்க ஊர்ப்பக்கத்து குந்தூர் எரிமலையில வர்ற நெருப்புக் குழம்பு அப்படி உண்டானதுதான். எவ்வளவு தண்ணிக்கு எவ்வளவு உருகுதுன்னு பாக்கறேன்.

— உங்க பொண்ணு பேசிச்சா?

— ஆஸ்திரேலியாவுல, அவ இருக்கற பெர்த்துல இன்னைக்கு லீவு இல்லையாம். சாயங்காலம் பேசறேன்னா.

— வீட்டுக்காவது போங்களேன்.

— போயி? என் வீட்டுக்காரி நுர்யாத்தி இருந்தவரைக்கும் இந்நேரம் வாசல்ல முப்பது ஜோடி செருப்புக் கெடக்கும். அவ கண்ணை மூடினப்புறம், போன பெருநாளைக்கு டப்பா டப்பாவா பிஸ்கட் திறந்து வச்சு மூணு நாள் உக்காந்திருந்தேன். ஒருத்தர் வரல. இங்கன்னா மெஷினுக்காவது நான் வேணும்.

— ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லு.

— நம்ம கட்டடத்துல சுத்தற பூனை எப்பவும் அந்த மெஷினோட கரண்ட் பெட்டி மேலதான படுக்கும், சூட்டுக்கு.

— ஆமா. அதுக்கென்ன?

— ஞாயித்துக்கிழமையிலேர்ந்து என் டீக் கெட்டில்கிட்ட வந்து படுக்குது.

— தடாங்.

— சொல்லுங்க.

— உள்ள உலைக்குழாய் உடைஞ்சு போச்சுப்பா. அன்னைக்கே எல்லாம் ஆறிடுச்சு. அந்தச் சிவப்பு விளக்கை மட்டும் அணைக்க மனசு வரல. யார்கிட்டயும் சொல்லாத.

— யார்கிட்ட சொல்லப் போறேன். ஞாயித்துக்கிழமையே எங்க ஊர் பஸ்ஸுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன், புரொபசர். செருப்பை மாட்டுங்க.