மன்றாட்டு மாலையில் இருந்த அம்புக்குறிகள்

பெயர்: யோசெப் கலிஸ்ரா. வயது: 31. மதம்: கத்தோலிக்கம். தொழில்: கணினி வகுப்பொன்றில் தட்டச்சாளர். சொந்த இடம் முல்லைத்தீவு. 1996இல் இடம்பெயர்ந்து, தற்போது வதிவது வவுனியா, வைரவபுளியங்குளம். 2000 செப்டெம்பரில் நீதவான் முன்னிலையில் சத்தியம் செய்து தமிழில் கூறுவதாவது:

தடுத்து வைக்கப்பட்டிருக்கும் யோசெப் எனது கணவர். அவர் கடற்றொழிலாளி. வவுனியாவுக்கு வந்த பின்னர் தொழில் இல்லாமல் கூலி வேலைக்குப் போனார். கணினியை அவர் தொட்டதேயில்லை.

எங்கள் கோயில் திருநாளுக்கு, புனிதர்களை ஒவ்வொருவராக அழைத்து வேண்டும் மன்றாட்டு மாலையைக் கணினியில் அடித்துத் தரும்படி பங்குத்தந்தை கேட்டார். இடப்பக்கம் புனிதரின் பெயரும் வலப்பக்கம் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்ற வரியும் நேராக வரவேண்டும் என்பதால், இரண்டுக்கும் நடுவே, எழுத்தைத் தள்ளி நிரைப்படுத்தும் டாப் என்னும் விசையை அழுத்தினேன். அதனைப் பிளொப்பி என்னும் கணினித் தட்டில் பதிந்து, கொழும்பு அச்சகத்தில் கொடுக்கும்படி கணவரிடம் கொடுத்தனுப்பினேன். பயண அனுமதி அவரிடம் இருந்தது.

வழியில் சோதனைச் சாவடியில் படையினர் பிளொப்பியை எடுத்து, முகாமில் இருந்த கணினியில் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாததால் எழுத்துக்கள் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்திருக்கின்றன. அச்சில் வராத குறிகளைத் திரையில் காட்டும் பொத்தானும் அழுத்தப்பட்டிருந்ததால் சொற்களுக்கு நடுவே புள்ளிகளும், வரிக்கு வரி அம்புக்குறியும், முடிவில் திருப்பிப் போட்ட ஆங்கில பி (P) எழுத்துப் போன்ற குறியும் இருந்திருக்கின்றன. இவை என்னவென்று கணவரிடம் கேட்டிருக்கிறார்கள். அவருக்குத் தெரியவில்லை.

அதன் பின்னர் செய்தி அறிந்து நான் அந்த முகாமுக்குப் போனேன். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் என்னைத் திரைக்கு முன்னால் இருத்தி, "இந்த அம்பெல்லாம் ஒரே இடத்தைத்தானே காட்டுது. எந்த இடம்?" என்று கேட்டார். புள்ளி என்பது சொல்லிடைவெளி, அம்பு என்பது டாப், கடைசிக் குறி வரி முடிவு, இவை ஒன்றும் தாளில் அச்சாகாது என்று சொன்னேன். தமிழ் எழுத்துரு உள்ள வேறொரு பிளொப்பி கொண்டு போயிருந்தேன். அதைப் போட அனுமதிக்கவில்லை. அதன் பின்னர் நான் குறிகளைக் காட்டும் அந்தப் பொத்தானை அழுத்தினேன். குறிகள் யாவும் மறைந்தன. அதிகாரி மற்றவர்களைப் பார்த்து, "பாத்தீங்களோ, ஒளிக்கிறதுக்கும் வழி வைச்சிருக்கினம்" என்றார்.

நான் பொத்தானைத் திரும்ப அழுத்திவிட்டு, "ஐயா, உங்கட பேரை அடிச்சுப் பாருங்கோ" என்றேன். அவர் ஆங்கிலத்தில் தமது பெயரை ஒற்றை விரலால் அடித்தார். டாப்பை அழுத்தச் சொன்னேன். அவருடைய பெயருக்குப் பக்கத்திலும் அம்பு வந்தது. அவர் தமது பெயரை அழித்தார். பின்னர், "எனக்கு விளங்குது தங்கச்சி. ஆனால் ரிப்போட் மேல போயிற்றுது" என்றார். அடித்தது நான்தான், என்னைப் பிடியுங்கள், அவரை விடுங்கள் என்று கேட்டேன். என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

அதன் பின்னர் கணவரிடம் சிங்களத்தில் எழுதிய ஒரு குற்ற ஒப்புதலில் கையொப்பம் வாங்கியதாக அறிந்தேன். அம்புகள் ஆயுதம் கொண்டு போகும் பாதைகள் என்று அதில் இருப்பதாக எங்கள் சட்டத்தரணி சொன்னார். கணவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது.

ஒரு தடவை மட்டும் அவரைப் பார்க்க விட்டார்கள். வலது கையை, உடுத்திருந்த சறத்தின் மடிப்புக்குள் மறைத்தபடி நின்றார். பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கம்பியோடு முகத்தை வைத்து, காவலுக்கு நின்றவருக்குக் கேட்காமல், "கலிஸ்ரா, எனக்கெண்டாலும் உண்மையைச் சொல்லும். அதுக்குள்ள என்ன எழுதினனீர்?" என்று கேட்டார்.

"மன்றாட்டு மாலை" என்றேன். அவர் நம்பவில்லை.

இதில் நான் கண்டதையும் செய்ததையும் கேட்டறிந்ததையும் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது; சரியென்று ஒப்புக்கொண்டு கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) யோ. கலிஸ்ரா