நிரந்தர விலாசம்

மின்விசிறியைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் நல்லது, மிஸ். தாள் பறந்தால் பக்கங்கள் மாறிப்போகும். வாழ்நாள் முழுக்கக் கடதாசிகளோடு சீவித்தவன் நான். எங்கே போனாலும் இப்படியான சின்ன விஷயங்கள்தான் முதலில் கண்ணில் படுகின்றன.

என் பெயர் ஜெயராஜா. வயது அறுபத்தெட்டு. புளியந்தீவில் வீடு. சமாதான நீதவான். உங்கள் முன்னால் இருக்கும் காணாமல் போனோர் படிவத்தை நிரப்பியது நான். கீழே அத்தாட்சிப்படுத்திக் கையொப்பம் வைத்திருப்பதும் நான்தான். வெளியே வாங்குப் பலகையில் இருக்கிறாளே அஜந்தா, அவளுடைய தகப்பன் நல்லரத்தினத்துக்கான படிவம் அது. அவளை இப்போது உள்ளே கூப்பிட வேண்டாம். நான் சொல்லி முடித்த பிறகு நீங்களே கூப்பிடுவீர்கள். படிவத்தில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் தனியாகக் கதைக்க வேண்டும் என்று கேட்டேன்.

நல்லரத்தினமும் நானும் ஒரே காலத்தில் இராணுவத்தில் இருந்தவர்கள். தமிழ்ப் பொடியன்கள் ஆமியில் சேர்வது அந்த நாளில் யாருக்கும் புதினமாகத் தெரியவில்லை. அவன் லான்ஸ் கோப்ரல். நான் கந்தோர்க் கிளாக்கர். அவன் கதிரவெளியில் பிறந்து கடலில் வளர்ந்தவன். எழுத்து அவனுக்குச் சரிவரவில்லை. கையொப்பம் வைக்கும்போது நாக்கைக் கடித்துக்கொள்வான். அவனுடைய லீவு விண்ணப்பம், வீட்டுக்குப் போகும் கடிதம் எல்லாம் நான்தான் எழுதிக்கொடுப்பேன். கல்யாணம் பேசிய காலத்தில் கண்ணகைக்குப் போன முதல் கடிதம்கூட என் எழுத்து. அவன் என்னை முழுதாக நம்பினான். எழுத்தறியாதவன் எழுதத் தெரிந்தவனை நம்பத்தானே வேண்டும்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி அடித்து ஓய்ந்த மறுநாள் காலை, வாவி கடலாகக் கிடந்தது. படுவான்கரைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கூரையில் சனம் ஏறி நிற்பதாகச் செய்தி வந்தது. எங்கள் கப்டன் யார் போகிறீர்கள் என்று கேட்டு முடிக்குமுன் நல்லரத்தினம் ஒரு தோணியைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டான். மூன்று தரம் போய் வந்தான். மூன்றாம் தரம் முறிந்த தென்னை ஒன்றில் மோதித் தோணி பிளந்தது. அதில் இருந்த ஐந்து பேரையும் நீந்தி நீந்தி, ஒவ்வொருவராகக் கொண்டுவந்து சேர்த்தான். கடைசியாக வந்தது ஒரு பிள்ளைத்தாய்ச்சி. எல்லாமாகப் பதினாலு பேர்.

நான் கரையில் நின்று, வந்தவர்களின் பெயர்களை எழுதினேன். அதையும் நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். பெயர் எழுதாவிட்டால் பதினாலு பேர் என்று இன்றைக்கு யாருக்குத் தெரிந்திருக்கும்?

வீரப் பதக்கத்துக்குச் சிபாரிசு செய்யக் கப்டன் தீர்மானித்தார். அவருக்குக் கடும் காய்ச்சல். விவரத்தை மட்டும் சொல்லி, தட்டச்சுச் செய்து வை, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். பெயர் வரவேண்டிய இடத்தில் நான் என் பெயரைத் தட்டினேன். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று செய்யவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் செய்தேன். சேவை முடிந்தால் வலை இழுக்கப் போகிறவனுக்கு அந்தப் பதக்கத்தால் என்ன ஆகப்போகிறது? என் கையில் இருந்தால் நாலு சனத்துக்குப் பிரயோசனமாக இருக்கும். கப்டன் குவியலோடு குவியலாக அதிலும் கையெழுத்து வைத்தார். அடுத்த மாதம் மாற்றலாகிப் போனார்.

உன் பெயரும் போயிருக்கிறது, பதிவேட்டில் ஏறிவிட்டது, பதக்கம் ஒரு நாளைக்கு வரும் என்று நல்லரத்தினத்திடம் சொன்னேன். ஓம் என்றான். அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குப் பதக்கம் வந்தது. சான்றிதழோடு சேர்த்துக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினேன். எண்பத்திரண்டில் இருவரும் விலகினோம். அவன் கதிரவெளிக்குப் போனான். நான் இங்கேயே இருந்து, பிறகு சமாதான நீதவான் ஆனேன். பள்ளிக்கூட விழாக்களில் பதினாலு உயிர்களைக் காத்தவர் என்று சொல்லித்தான் என்னை மேடைக்குக் கூப்பிடுவார்கள். பதக்கத்தின் நாடா மங்கிப்போனபோது காத்தான்குடிக்குப் போய் ஐந்தாறு கடை ஏறி இறங்கி, அதே நிறத்தில் துணி வாங்கி மாற்றினேன். அவ்வளவு கவனமாக வைத்திருந்தேன்.

சுனாமி அவன் மனைவி கண்ணகையைக் கொண்டுபோனது. அவர்களுடைய டிரங்குப் பெட்டியும், அதற்குள் இருந்த, படையில் இருந்து விலகும்போது கொடுத்த டிஸ்சாஜ் புத்தகமும் போயின. அந்த நாட்களில் என் வாசலில் எப்போதும் சனம் நிற்கும். பிறப்பு, இறப்பு, காணி உறுதி என்று தொலைந்த ஒவ்வொரு கடதாசிக்கும் ஒரு சத்தியக் கடதாசி தேவைப்பட்டது. யாரையும் நான் வெறுங்கையோடு அனுப்பவில்லை. நல்லரத்தினமும் மகளோடு வந்தான். சேவைப் பதிவேட்டின் பிரதி ஒன்று கேட்டு விண்ணப்பித்துக் கொடுத்தேன். என் விலாசம் போட்டுத்தான். அவனே அப்படிக் கேட்டான்.

“கடிதம் மட்டும் அங்க வரப்படாது மச்சான். மாங்கேணிக்கு அங்கால, ஆமிக் கடிதம் வாற மனிசன் இரிக்க ஏலா.”

உண்மைதான். அவன் ஒரு காலத்தில் ஆமியில் இருந்தவன் என்பது ஊருக்குத் தெரியும். இயக்கத்துக்கும் தெரியும். பழைய கதை என்று விட்டிருந்தார்கள். ஆனால் மாங்கேணித் தடைமுகாமைத் தாண்டினால் அவர்களுடைய கட்டுப்பாடு. உள்ளே போகும் தபாலை அவர்களும் பிரித்துப் பார்ப்பார்கள். இப்போதும் தொடர்பு இருக்கிறது என்று தெரிந்தால் கேள்வி கேட்க மாட்டார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்குத் தெரியாது என்று பிறகு யாரும் எழுதிவிடக் கூடாது.

பிரதி வந்தது. அதை வாங்கிப்போன மூன்றாம் நாள் அவன் மகளோடு திரும்பி வந்தான். அஜந்தா உயர்தரம் வரை படித்தவள். வரிக்கு வரி வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

“கிளாக்கர், ரெண்டு பதக்கம் விடுபட்டிரிக்கி,” என்றான். “நீண்டகாலச் சேவைக்குள்ளது ஒண்டு. மத்தது சூறாவளிக்குள்ளது. நீதானே ஏத்தின எண்டு சொன்ன. உனக்குத் தெரியாததா?”

அந்தக் கடைசி வார்த்தையை அவன் எப்படிச் சொன்னான் என்று இன்றுவரை யோசிக்கிறேன். வெறுமனே சொன்னானா, மனதில் ஒன்றை வைத்துச் சொன்னானா? இப்போது எதற்கு மச்சான் உனக்கு அதெல்லாம் என்று கேட்டேன். அவன் தன் கையைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

“பதினாலு பேரக் கர சேத்த கை. கண்ணகை ஒருத்தியப் புடிக்க ஏலாமப் போயிட்டு. நான் ஒரு நாளைக்கெண்டாலும் ஆரையும் காப்பாத்தினன் எண்டு ஒரு கடதாசி இருந்தாக் காணும்.”

அவன் பேசிக்கொண்டிருந்தபோது அஜந்தா எழுந்து சுவர்ப் பக்கம் போனாள். சான்றிதழ் ஆங்கிலத்தில் இருந்தது. அவள் அதன் முன்னால் தேவைக்கு அதிகமான நேரம் நின்றாள். என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தபோதும் திரும்பவில்லை. திரும்பியபோது அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அதுதான் என்னைப் பயப்படுத்தியது.

திருத்த விண்ணப்பத்தை நான் நன்றாகவே எழுதினேன். மறுத்திருந்தால் வேறு யாரிடமாவது போயிருப்பான். இரண்டு மாதத்தில் பதில் என் விலாசத்துக்கு வந்தது. நீண்டகாலச் சேவைப் பதக்கத்தைச் சேர்க்கத் தடையில்லை; சூறாவளிப் பதக்கம் சம்பந்தமாகப் பழைய சிபாரிசுக் கோப்பு தேடப்படுகிறது, கிடைத்ததும் விண்ணப்பதாரருக்கு அறிவிக்கப்படும் என்று இருந்தது. அந்தக் கோப்பில் கப்டன் தன் கைப்பட எழுதிய நாட்குறிப்பின் நகலும் உண்டு; அதில் நல்லரத்தினத்தின் பெயர்தான் இருந்தது. இணைத்தது நானே. அப்போது யாரும் அதைத் திறந்து பார்ப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

அதன் பிறகு நல்லரத்தினத்தின் ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டு தரம் நிறுத்துப் பார்த்தேன். சுகமா என்று கேட்டால், ஏன் கேட்கிறான் என்று தோன்றும். கேட்காமல் விட்டால், ஏன் கேட்கவில்லை என்று தோன்றும். எழுத்தறியாதவன் போல நடிக்கிறானோ என்றுகூட ஒரு நாள் எண்ணினேன். வீட்டுக்கு வருகிற ஒரு மனிதனைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டே உபசரிப்பது லேசான காரியமில்லை. நான் எடை குறைந்து போனேன். மனைவி டொக்டரிடம் கூட்டிப்போனாள்.

இரண்டாயிரத்து ஆறு சித்திரையில் இராணுவப் பதிவேட்டுப் பிரிவுக்கு ஒரு கடிதம் அனுப்பினேன். விண்ணப்பதாரர் இனிமேல் தமது நிரந்தர விலாசத்திலேயே கடிதங்களைப் பெற விரும்புகிறார். அதே பெயரில் அந்த ஊரில் இன்னொருவர் இருப்பதால், உறையின் மேல் அவருடைய படையிலக்கத்தையும் பதவித் தரத்தையும் குறிப்பிடவும். இன்னொரு நல்லரத்தினம் அங்கே இருந்தது உண்மை. விலாசமும் சரியான விலாசம். அந்தக் கடிதத்தில் விரும்புகிறார் என்ற ஒரு சொல்லைத் தவிர எல்லாம் உண்மை.

வைகாசி மாதம் அவன் ஒரு தரம் வந்தான். இந்த முறை தனியாக. கருவாடு கொண்டுவந்தான். கடிதம் ஏதும் வந்ததா என்று கேட்டான், இல்லை என்றேன். அன்றைக்கு இல்லைதான். வாசலில் செருப்பைப் போட்டவன் திரும்பி நின்றான்.

“அந்தச் சூறாவளிக்குள்ளதப் பத்தி உன்னோட ஒரு கத இரிக்கி, மச்சான். இப்ப நேரமில்ல. மாங்கேணியப் பூட்டிருவான். மறுகா வாறன்.”

அவனுக்குத் தெரியும் என்று அப்போது நிச்சயமாயிற்று. பதிவேட்டுப் பிரிவுக்கு ஒரு தந்தி அடித்து விலாசத்தை மாற்றியிருக்கலாம். தபாற்கந்தோர் நடந்து போகிற தூரம். கருவாட்டை உள்ளே வைத்துவிட்டு, சாய்மனைக் கதிரையில் இருந்து அவன் போகிற பஸ்ஸின் சத்தம் ஓயும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனி மாதம் இயக்கத்து ஆட்கள் இரண்டு பேர் மோட்டார்சைக்கிளில் அவனுடைய கொட்டிலுக்கு வந்தார்கள். ஒருவன் கையில் அரச இலச்சினை போட்ட உறை இருந்தது. கிழித்திருந்தது. ஒரு விசயம் கேட்க வேண்டும், வாங்கோ ஐயா என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்களாம். அவன் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு போனான். அவ்வளவுதான்.

அந்தப் பகுதிச் சனம் இடம்பெயர்ந்து வந்தபோது அஜந்தாவும் வந்தாள். முகாமில் இருந்து நேரே என்னிடம்தான் வந்தாள். கந்தோர்க்காரர்கள் விலாசத்தை மாற்றிப் போட்டதால்தான் இப்படி ஆனது என்று அவள் நம்பினாள். நான் அதை மறுக்கவில்லை. கந்தோர்களில் அப்படி நடப்பதுண்டு. பிறகு அவள் இன்னொன்று சொன்னாள்.

“உங்கட சுவரில என்ன எழுதியிரிக்கெண்டு அண்டைக்கே அப்பாக்கு வாசிச்சுச் சொன்னனான். பஸ்ஸில முழுக்கக் கதைக்கல்ல. வீட்ட வந்துதான் சொன்னவர், அதத் தோண்டினாக் கிளாக்கருக்குக் கரச்சல், அந்த ஒண்ட விடச் சொல்லுவம், சேவைக்குள்ளது வந்தாப் போதும் எண்டு. கடைசியா வந்தது அதச் சொல்லத்தான். முகத்தப் பாத்துச் சொல்ல வெக்கமாப் போச்சாம், சொல்லாமலே கிறுகி வந்திட்டார்.”

குரலில் கோபம் இல்லை. கேள்வியும் இல்லை. கையில் கொண்டுவந்த விண்ணப்பத்தை நீட்டினாள். நான் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

யுத்தம் முடிந்து நாலு வருடமாகிறது. அவள் முகாமுக்கு வந்ததிலிருந்து இந்த ஆறு வருடமும் அவளுக்கான ஒவ்வொரு படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். எத்தனை அலுவலகம், எத்தனை குழு. ஒவ்வொரு தரமும் அவள் நன்றி சொல்வாள். யோசித்துப் பார்த்தால், நல்லரத்தினத்துக்காக என்னளவு எழுதியவர்கள் யாரும் இல்லை.

ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்கிறீர்கள். போன மாதம் நீங்கள் இராணுவப் பதிவேட்டுப் பிரிவிலிருந்து அவனுடைய கோப்பைக் கேட்டு எழுதியிருப்பதாக அறிந்தேன். அதற்குள் என் சித்திரை மாதக் கடிதம் இருக்கும். வேறு யாரோ கண்டுபிடித்து அரைகுறையாக எழுதுவதைவிட, நானே ஒழுங்காகச் சொல்வது நல்லது.

படிவத்தின் ஒன்பதாவது கூட்டைப் பாருங்கள். காணாமல் போனதற்குக் காரணம் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். அதை ஒரு கோட்டால் வெட்டிவிட்டு இப்படி எழுதிக்கொள்ளுங்கள். கடிதத்தை அவனுடைய ஊருக்கு அனுப்பும்படி அவனுக்குத் தெரியாமல் கேட்டவர் ஜெயராஜா. போய்ச் சேர்ந்தால் அவனைக் கொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும். கொல்ல வேண்டும் என்றுதான் கேட்டார். வெட்டிய இடத்தில் நான் சுருக்கொப்பம் வைக்கிறேன், இல்லாவிட்டால் செல்லாது.

பதக்கத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் எழுத வேண்டாம், மிஸ். அது என்னுடைய சேவைப் பதிவேட்டில் முறைப்படி ஏறியது. அதில் பிழை இல்லை.