நோர்ஹெய்ம் ஊர் போட்ட ஐந்து

நான் அளவு மீறினால் அடிப்பதற்கென்றே மணியைக் கையில் ஏந்தித் தலைமை ஏற்றிருக்கும் நூலகத் தலைவி மார்கிட் ஸ்வென்சன் அம்மையார் அவர்களே, இடுப்பளவு பனியைக் கடந்து வந்தும் "வெளிய லேசாக் குளிருது" என்று மட்டும் சொல்லி அமர்ந்திருக்கும் பெரியோர்களே, இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து அடுப்பில் சுட்ட ஹாட்டிஷ் தட்டுகளால் இந்தத் தேவாலய அடித்தளத்தையே மணக்கவைத்த தாய்மார்களே, மின்னசோட்டா மண்ணின் அடக்கமே உருவான மக்களே, ஆணிக்கடைக்காரன் ஹால்வர் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நமக்கு இருப்பது ஒரே ஒரு தனியார் கிளினிக். அதை நடத்தும் நகரத்து நிறுவனம் நம்மிடம் தாள் கொடுத்துக் கேட்டது: சிகிச்சையின் தரம் பத்துக்கு எத்தனை? எட்டுக்குக் குறைந்தால் மூடிவிடுவார்களாம். நாம் அள்ளி வழங்கியது எவ்வளவு? ஐந்து. ஊர் மொத்தமும் ஐந்து! மூடினால் அடுத்த மருத்துவர் எழுபது மைல். பனிப்புயலில் பிரசவ வலி வந்தால் பனி அள்ளும் வண்டியிலா பிள்ளை பெறுவது?

அதோ, தொப்பிக்குள் ஒளியப் பார்க்கிறாரே ஆர்விட் டோலப்சன், அவர் கதையைக் கேளுங்கள். ஜனவரியில் உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்தபடி கிளினிக் வாசலில் விழுந்தார்.

"வலி பத்துக்கு எத்தனை மாமா?" என்று டாக்டர் இங்ரிட் கேட்டார்.

"ரெண்டு இருக்கும்மா. உள்ள ஆள் இருந்தா பாத்துட்டு வா, நான் இங்கயே கெடக்குறேன்."

சொன்னவரின் இதயம் நின்றேவிட்டது. நின்றதை ஓடவைத்தார் நம் டாக்டர். நன்றி பெருகி ஆர்விட் ஆறு போட்டார். வந்தது வினை. மனைவி லேனா விட்டாரா?

"ஆறா? ஊரு என்ன நெனைக்கும்? பீத்திக்கிறோம்னு பேசமாட்டாங்களா? அந்தப் பொண்ணுக்கும் தலைக்கனம் ஏறிடுங்க."

ஆறு அழிந்தது, ஐந்து பிறந்தது. சிரிக்காதீர்கள், நானும் ஐந்துதான் போட்டேன். குறை ஒன்றும் இல்லை என்றால் நமக்கு ஐந்து. நகரத்தாருக்கோ அது குப்பை. இதை எப்படிப் புரியவைப்பேன் அவர்களுக்கு? ஊழியர்களைத் தமக்குத் தாமே மார்க் போடச் சொன்னபோது நம் டாக்டர் போட்டது நான்கு!

இங்ரிட் அம்மா, கதவுப் பக்கம் நகராதீர்கள். இன்று ஊரே உங்களைப் பாராட்டப் போகிறது, பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்றாடிக் கேட்டதில் இன்னொரு வாய்ப்பு தந்திருக்கிறார்கள். புதிய தாள்கள் உங்கள் கையில் இருக்கின்றன. பத்து போடுங்கள். என்ன ஐயா பின்வரிசையில்? "ஒன்பது போட்டாப் போதாதா?" என்கிறீர்களா? உயிரைக் காத்தவருக்கு ஒன்று குறைத்து அந்த ஒன்றை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்?

அடடா, ஆர்விட் எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் ஆர்விட்.

"பத்து போட்டுட்டேன். ஆனா பேரு எழுதமாட்டேன்."

கேட்டீர்களா? அவர் முகம் சிவந்துவிட்டது, லேனா அம்மையார் அவர் தோளைத் தட்டிக்கொடுக்கிறார். என் கண்ணும் கலங்குகிறது. பெயர் வேண்டாம் மக்களே, பத்து மட்டும் போதும். வெட்கத்தோடு எழுதுங்கள், தாளை மடித்துப் போடுங்கள், ஆனால் எழுதிவிட்டுப் போங்கள். மணி அடிக்காத தலைவிக்கும், பொறுமையோடு கேட்ட உங்களுக்கும் என் நன்றி, வணக்கம்.