பூசணிப் பிஞ்சு ஏன் உதிர்ந்தது?

தலைமை தாங்கித் தண்ணிழல் தரும் பெரியவர் சூசைராஜ் அவர்களே, மண்ணையும் மழையையும் அறிந்த மூத்தோரே, வேலை முடித்த களைப்போடும் வந்து அமர்ந்திருக்கும் தாய்மாரே, திண்டுக்கல் தாவரவியல் மன்றத்து மாணவச் செல்வங்களே, வணங்கி நிற்கிறேன்!

தாவரவியல் விழாவில் வக்கீலுக்கு என்ன வேலை என்கிறீர்களா? தொடுக்காமலே முடிந்த ஒரு வழக்குத்தான் என்னை இங்கே நிறுத்தியிருக்கிறது.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு. ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் ஓர் ஊர். பூசணிக் கொடி படர்ந்தது, பூ பூத்தது, பிஞ்சு மட்டும் பிடிக்கவில்லை. மஞ்சளாகி மஞ்சளாகி மண்ணில் விழுந்தது. "மலட்டு விதை!" என்று வெகுண்ட ஊர், விதை விற்ற சகாயராஜின் கடையைப் பூட்டியது. முன்னின்று பூட்டியவர் நாச்சிமுத்து. அவர் மகள் இளவேனில், கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர். ஊருக்காக வழக்குத் தொடுக்க இருந்தவன் நான்; அவர் சாட்சி சொன்னால் வழக்கு வெல்லும் என்று நானே நாடிப் போனேன்.

"பாக்காமச் சொல்லமாட்டேன் சார்" என்றார்.

பார்த்தார். மாலையில் சில மொட்டுகளை நூலால் கட்டினார். விடியலில் அவிழ்த்து, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவில் தடவி, மறுபடி கட்டினார். என்ன ஆயிற்று? அவர் கைபட்டவை காயாய்த் திரண்டன, மற்றவை உதிர்ந்தன! விதையில் குற்றமில்லை. மகரந்தம் சுமக்கத் தேனீ இல்லை. பூ விரியும் காலையில் பூச்சிமருந்து அடித்தால் தேனீ எங்கே தங்கும்? கைதட்டாதீர்கள் ஐயா, கதை முடியவில்லை.

ஊர்க்கூட்டத்தில் இதைச் சொன்னார். நாச்சிமுத்து எழுந்தார்.

"ஏத்தா, பெத்தவன விட்டுட்டுக் கடைக்காரருக்கா பேசுற?"

"யாருக்கும் பேசலப்பா. பாத்ததச் சொல்றேன். காலையில மருந்தடிக்க ஆரம்பிச்சது நம்ம தோட்டத்துலதான்."



அங்கே ஒரு தாய், "மகள அடிச்சாரா?" என்கிறார். இல்லை அம்மா. மறுநாள் நாச்சிமுத்து தனியே தோட்டம் போனார். நூல் கட்டிய காயைக் கையில் ஏந்தி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நேரே கடைக்குப் போய்ப் பூட்டைத் திறந்தார்.

"தப்பு எங்க மேலதேன். மனசுல வச்சுக்காதீக."

"உள்ள வாங்கண்ணே" என்றார் சகாயராஜ்.

அவையோரே! அறிவியலுக்கு அப்பன் உண்டா, அயலான் உண்டா? ஊர் பாராமல் பழித்ததை ஒரு பெண் ஆய்ந்தாள்; ஆய்ந்ததை அஞ்சாமல் சொன்னாள். அந்த இளவேனிலுக்குத்தான் இன்று இம்மன்றம் விருது வழங்குகிறது. விருதை வழங்கும் கை யாருடையது தெரியுமா? நாச்சிமுத்து ஐயா, மேடைக்கு வாருங்கள்!

செவி தந்த சபைக்கு என் நன்றி. வணக்கம்.