ஒரு சிப்பாய் அதிகம்

சதுரங்கத்தில் எனக்கு ஒரு திறமை உண்டு, இன்ஸ்பெக்டர் ஐயா. ஜெயிக்கிற ஆட்டத்தைத் தோற்பது. தெப்ராவ் பக்கத்துத் தோட்டத்தில் பதினோரு வருஷமாக நான் டிரெசர். காயத்துக்குக் கட்டுப் போடுவதும் காய்ச்சலுக்கு மருந்து கலப்பதும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்ட ஆபீசின் தலைமைக் கணக்கர், பெரிய கிராணி சபாபதியிடம் தோற்பது பொழுதுபோக்கு. ஒருமுறை ராணியைப் பறிகொடுத்துவிட்டு, அது தியாகம் என்று அரைமணி நேரம் அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுத்த நகர்வில் ஆட்டத்தை முடித்தார்.

இந்த வருஷம் ஜொகூர் தோட்ட ஊழியர் போட்டியில் எங்கள் இருவருக்கும் இடையில்தான் இறுதி ஆட்டம். நான் அதுவரை வந்தது எப்படி என்று கேட்காதீர்கள்; எதிராளிகளில் இரண்டு பேர் வரவேயில்லை. ஆனால் இறுதி ஆட்டத்தில் எனக்கு ஒரு சிப்பாய் அதிகம். சபாபதிக்கு எதிராக அப்படி அமைந்தது அதுவே முதல் தடவை. அதற்குள் தோட்டத்து லாரி புறப்படும் நேரமாகிவிட்டது. வழக்கப்படி சபாபதி தன் அடுத்த நகர்வைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, நடுவர் சந்தனசாமி வாத்தியாரிடம் கொடுத்தார். மீதி ஆட்டம் இரண்டு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை.

இரண்டு வாரம் உட்கார்ந்து யோசித்தால் அவர் தப்பித்துவிடுவார். எனக்குப் பயமாக இருந்தது.

நான்காம் நாள் அவருக்கு மலேரியா கண்டது. தோட்டத்தில் கூலிக்காரர்கள் வரிசையில் நின்று, கொய்னா மருந்தை என் எதிரே விழுங்கி, வாயைத் திறந்து காட்ட வேண்டும். கிராணிமார் வரிசையில் நிற்க மாட்டார்கள், கௌரவக் குறைச்சல். அவர்களுக்குப் போத்தல் வீட்டுக்குப் போகும். சபாபதியின் போத்தலில் கொய்னாவுக்குப் பதில் நிலவேம்புத் தண்ணீரை ஊற்றி அனுப்பினேன். கொல்வதற்கல்ல. நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில் எவருக்கும் மூன்று நகர்வுக்கு மேல் கணக்குப் போட வராது. எனக்குக் காய்ச்சல் இல்லாமலே வராது.

அடுத்த புதன்கிழமை அவர் மனைவி புஷ்பவள்ளி வந்தார். ஆளை அடையாளம் தெரியாமல் பிதற்றுகிறார் என்றார்.

"மருந்து ஒரு வேள கூட தவறலங்கய்யா."

"கசக்குதா?"

"ரொம்பக் கசக்குதுன்னாருங்க."

"அப்ப கேக்கும்மா. நீங்க போங்க."

அலமாரியில் நாற்பது போத்தல் கொய்னா இருந்தது. சாவி என் சட்டைப்பையில். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நான்கே நாள்தான். வெள்ளிக்கிழமை காலையில் அவர் இறந்துபோனார். ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் மலேரியா என்று எழுதினேன், அது பொய்யில்லை. அழுதேன், அதுவும் பொய்யில்லை.

ஞாயிறன்று வாத்தியார் கோப்பையை மேசைமேல் வைத்து, எதிராளி இல்லாததால் வெற்றி எனக்கே என்றார். நான் அதைத் தொடவில்லை. உறையைப் பிரிக்கச் சொன்னேன். சபாபதி குதிரையை நகர்த்துவதாக எழுதியிருந்தார். தப்பான நகர்வு, ஐயா. நாலு நகர்வில் யானை போய்விடும். காய்களை அடுக்கி அங்கேயே ஆடிக் காட்டினேன். வாத்தியார் பலகையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் உங்களிடம் வந்திருப்பார்.

மருந்தை மாற்றியது நான்தான். சாகப்போகிறார் என்று தெரிந்தும் அலமாரியைத் திறக்காதவனும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஆட்டத்தை நான் நேர்மையாகத்தான் ஜெயித்தேன். அதை மட்டும் தனி வரியில் எழுதுங்கள்.