விட்டுப்போன இரண்டாவது சொட்டு

கடிகாரத்தை ஒரு கண்ணாலும் என்னை மறு கண்ணாலும் பார்த்தபடி தலைமை ஏற்றிருக்கும் துறைத்தலைவர் அவர்களே! முன்வரிசைக்குப் பெருமை சேர்க்கும் பெரியோர்களே! பிள்ளைகளை மடியிலும் பொறுமையை மனத்திலும் சுமந்து வந்திருக்கும் தாய்மார்களே! எங்கள் ஆய்வகத்தில் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து, புகழுக்குப் பயந்து தலைகுனிந்து அமர்ந்திருக்கும் உதவியாளர் அக்கா அவர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

நான் அதிகம் பேசாதவள். எதையும் எளிதில் நம்பாதவள். அங்கே சிரிப்பது என் மாணவர்கள்தான், தெரிகிறது.

நம் குருதியில் டி செல் என்றொரு காவலர் கூட்டம் உண்டு. அந்நியனைக் கண்டதும் அது பாய்ந்துவிடுமா? பாயாது. அதற்கு இரண்டு சைகைகள் வேண்டும். 'இதோ பார்' என்பது முதலாவது. 'ஆபத்துதான், கிளம்பு' என்பது இரண்டாவது. முதலாவது மட்டும் வந்தால்? சாகாது, சண்டைக்கும் போகாது, சலனமின்றிச் சமைந்துவிடும். பிறகு இரண்டும் சேர்ந்து வந்தாலும் எழாது. என்னம்மா, "எங்க வீட்டுக்காரர் மாதிரியா?" என்கிறீர்களா? பக்கத்திலேயே இருக்கிறார், பார்த்துப் பேசுங்கள்!

அந்த மௌனம் குறையா? இல்லை, கருணை! நம் இதயத்தை, நம் மூட்டுகளை, நம் தோலை நம் காவலரே குதறாதிருக்க உடல் கற்றுவைத்த கருணை.

அன்று நான் ஆராய்ச்சி மாணவி. டி செல்லை அடக்கும் மருந்தொன்றைச் சோதித்தேன். தட்டுகளில் வளர்த்த செல்களுக்கு இரண்டு சைகைகளையும் இரண்டு சொட்டுகளாக விடுவது அக்காவின் வேலை. மருந்தில்லாத தட்டில் செல்கள் பெருகின. மருந்திட்ட தட்டில் உயிரோடிருந்தும் அசையவில்லை. பேராசிரியர் பூரித்தார். கட்டுரைக்குத் தலைப்பே வைத்துவிட்டோம்!

மறுநாள் குளிர்ப்பெட்டி அறையில் அக்கா என் கையைப் பிடித்தார்.

"ஒண்ணு சொல்லணும், கத்தாத. மருந்துத் தட்டுல ரெண்டாவது சொட்டை நான் விடவே இல்ல."

"என்னக்கா சொல்றீங்க?"

"பழைய பாட்டில் முதல் தட்டோட தீந்துபோச்சு. புதுசு எடுக்க வந்தேன், யாரோ கூப்பிட்டாங்க, போயிட்டேன். இப்பப் பாக்கறேன், சீல்கூட உடையல."

அவர் அப்போது தற்காலிகப் பணியாளர். அந்த வாரம்தான் பணி நீட்டிப்பு முடிவாக வேண்டும்.

"யாருக்கும் தெரியாதேக்கா. வேலை போயிடுமே?"

"போனா போகுது. இதை மருந்துன்னு நம்பி நாளைக்கு ஒரு நோயாளிக்குக் குடுத்தா?"

இருவரும் பேராசிரியரிடம் போனோம். கத்தினார். மேசையைத் தட்டினார். பிறகு கேட்டார்: "நீ சொல்லலேன்னா நான் கண்டுபிடிச்சிருப்பேனா?"

"மாட்டீங்க சார்" என்றார் அக்கா.

பேராசிரியர் அக்காவின் நீட்டிப்புத் தாளை இழுத்துக் கையெழுத்திட்டார்.

சோதனையைச் சரியாகத் திரும்பச் செய்தேன். மருந்து பொய்த்தது. அந்த மௌனத் தட்டுக்கு இரண்டு சைகைகளையும் கொடுத்தேன். எழவில்லை! நூலில் படித்திருந்த செய்திதான். ஆனால் கண்ணெதிரே கண்டது அன்றுதான். அதன் பின்னேயே நடந்தேன். ஆய்வேடும் அதுவே ஆயிற்று.

அடக்கமாய் இருப்பது உயிரணுவுக்கு அழகு. அச்சத்தால் அடங்கிப்போவது மனிதருக்கு அழகா? வேலையா உண்மையா என்ற கேள்வி வந்தபோது வாய்திறந்தாரே, அந்த வாய்க்கல்லவா இந்த விழா!

எதையும் நம்பாத நான், என் கணக்கையே மூன்று முறை சரிபார்க்கும் நான், அக்கா எழுதித் தந்த ஓர் எண்ணையும் அன்றுமுதல் மறுபடி எண்ணிப் பார்த்ததில்லை.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. அக்கா, உங்களுக்கு என் வணக்கம்.